பெயர் இல்லாத நாலு பேர்

சென்னைக் கடற்கரையில் பாறை புரட்டும் உழைப்பாளர் சிலையின் கதை

சென்னைக்கு வந்துவிட்டுக் கடற்கரையைப் பார்க்காமல் ஊர் திரும்புகிறவர்கள் மிகவும் குறைவு. வந்த காரியம் முடிந்ததோ இல்லையோ, மாலையில் கடற்கரைக்குப் போய்க் காலை நனைத்து, ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கித் தின்று, சிலைகளைப் பார்த்துவிட்டுத்தான் ரெயில் ஏறுவார்கள்.

அங்கே சிலைகளுக்குப் பஞ்சம் இல்லை. திருவள்ளுவர் இருக்கிறார். அவ்வையார் இருக்கிறார். கம்பர் இருக்கிறார். பாரதியார் இருக்கிறார். கண்ணகி சிலம்பை ஏந்தி நீதி கேட்கிறாள். காந்தியடிகள் கைத்தடியுடன் நடக்கிறார்.

இவர்கள் எல்லோருக்கும் பெயர் உண்டு. பெயரைச் சொன்னால் கதையும் உண்டு.

ஆனால், வாலாஜா சாலை வந்து கடற்கரைச் சாலையில் சேரும் இடத்தில் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை!

சிறுவன் கேட்ட கேள்வி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஒரு குடும்பம் கண்ணகி சிலையைப் பார்த்துவிட்டு வடக்கு நோக்கி நடந்து வந்தது. தகப்பனார் கொத்தனார். தாயார் சித்தாள் வேலை பார்க்கிறவர். பையனுக்கு எட்டு வயது இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய வயது. கண்ணில் பட்ட பெயர்ப்பலகையை எல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே வந்தான்.

உழைப்பாளர் சிலை அருகே வந்ததும் நின்றான்.

"அப்பா, இவங்க பேரு என்னாப்பா?"

"இவங்களுக்குப் பேரு எல்லாம் கிடையாதுடா. உழைக்கிறவங்க."

"பேரு இல்லாம மனுஷன் இருப்பானா?"

தகப்பனார் சிரித்தார். பதில் சொல்லத் தெரியவில்லை. தாயார்தான் சொன்னார்:

"அந்தச் சிலையோட முதுகைப் பாரு. அப்புறம் உங்க அப்பா முதுகைப் பாரு. ஒரே மாதிரி இல்லே?"

பையன் சிலையைப் பார்த்தான். தகப்பனாரைப் பார்த்தான். மறுபடியும் சிலையைப் பார்த்தான். பிறகு அவன் கேள்வி கேட்கவில்லை.

பெயர் இல்லாத அந்த நாலு பேர் எப்படி அங்கே வந்தார்கள்? அவர்களைச் செய்தவர் யார்?

அசையாத பாறை

முதலில் சிலையை நன்றாகப் பார்ப்போம்.

ஒரு பெரிய பாறை. அதைப் புரட்டப் பாடுபடும் நாலு ஆண்கள். இடுப்பில் சிறு துணி. உடம்பில் வேறு ஒன்றும் இல்லை. பாறைக்கு அடியில் மரத் தடியைக் கொடுத்து நெம்புகிறார்கள். உடம்பின் பலத்தை எல்லாம் அதன் மேல் செலுத்துகிறார்கள். தொடை நரம்பு புடைக்கிறது. முதுகு வளைகிறது. வயிறு ஒட்டிப்போய் விலா எலும்பு தெரிகிறது.

இவர்கள் கொழுத்த பயில்வான்கள் அல்ல. அரை வயிற்றுக் கஞ்சி குடித்தாலும் வேலையை விடாத மனிதர்கள். அருகில் போய் நின்றால், "ஐலசா" என்று அவர்கள் மூச்சைப் பிடித்துச் சொல்லும் குரல் காதில் விழுவது போல இருக்கும்.

பாறை இன்னும் புரளவில்லை. புரளப்போகிறது. அந்த ஒரு கணத்தைத்தான் சிற்பி பிடித்து நிறுத்தி இருக்கிறார்.

இந்தச் சிலை 1959-ம் ஆண்டு ஜனவரி மாதம் 25-ந் தேதி, குடியரசு தினத்துக்கு முதல் நாள், நிறுவப்பட்டது. அப்போது காமராஜர் முதல்-மந்திரி. கடற்கரை ஓரத்தில் இன்று வரிசையாக நிற்கும் சிலைகளில் மூத்தது இதுதான். காந்தியடிகள் சிலை அதே 1959-ம் ஆண்டில் இதற்குப் பிறகு வந்தது. அதைத் திறந்து வைத்தவர் பிரதமர் நேரு. திருவள்ளுவர், கண்ணகி முதலிய 10 சிலைகள் 1968-ம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின் போது வந்தவை.

அதாவது, புலவர்களும் தலைவர்களும் கடற்கரைக்கு வரும் முன்பே உழைப்பாளி வந்துவிட்டான்!

குதிரை மேல் கவர்னர்

இது எவ்வளவு பெரிய மாறுதல் என்பது தெரிய வேண்டுமானால், கடற்கரையில் இருந்து சிறிது தூரம் தள்ளி, தீவுத்திடல் பக்கம் போக வேண்டும்.

அங்கே சாலை நடுவே, உயரமான பீடத்தில், ஒரு வெள்ளைக்காரர் குதிரை மேல் அமர்ந்திருக்கிறார். அவர் சர் தாமஸ் மன்றோ. 1820-ம் ஆண்டு முதல் 1827-ம் ஆண்டு வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். காலராவுக்குப் பலியானவர். அதுவும் வெண்கலச் சிலைதான். இங்கிலாந்தில் சான்ட்ரி என்ற சிற்பி செய்தது. கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து 1839-ம் ஆண்டு இங்கே நிறுத்தினார்கள்.

அந்தக் குதிரைக்குச் சேணமும் இல்லை. கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. "சிற்பி மறந்துவிட்டார், தவறு தெரிந்ததும் உயிரை விட்டுவிட்டார்" என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது வெறும் கதை. அதே சிற்பி செய்து, லண்டன் மாநகரில் நிற்கும் நாலாம் ஜார்ஜ் மன்னர் சிலையிலும் சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது.

அந்தக் காலத்தில் வெண்கலச் சிலை என்றால் அரசனுக்கு, கவர்னருக்கு, படைத்தளபதிக்கு. அதுவும் குதிரை மேல்.

மன்றோ வந்த 120 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே ஊரில், அதே உலோகத்தில், இடுப்புத் துணியோடு உழைப்பாளி வந்தான். அவன் சீமையில் இருந்து கப்பலில் வரவில்லை. சென்னையில் வாழ்ந்த ஓர் ஆசிரியரின் கையில் பிறந்தான்.

வங்காளத்துச் சிற்பி

அந்த ஆசிரியர் தமிழர் அல்ல. வங்காளி!

அவர் பெயர் தேவிபிரசாத் ராய் சவுத்திரி. 1899-ம் ஆண்டு ரங்பூர் பகுதியில் பிறந்தவர். அந்த ஊர் இப்போது வங்காளதேசத்தில் இருக்கிறது. கவி தாகூரின் உறவினரும் புகழ் பெற்ற ஓவியருமான அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றார்.

முப்பது வயதை ஒட்டிச் சென்னைக்கு வந்தார். எழும்பூர் பக்கத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் ஓவியப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். 1850-ம் ஆண்டு டாக்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்காரர் தொடங்கிய பள்ளி அது. இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என்று வழங்குகிறது. வெள்ளைக்காரர்களே தலைமை வகித்த அந்தப் பள்ளிக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் ராய் சவுத்திரி. சுமார் 30 ஆண்டுகள் இங்கே பாடம் சொன்னார். ஓவியர் பணிக்கர், சிற்பி தனபால் போன்றவர்கள் அவரிடம் பயின்றவர்கள்.

ஆள் பார்ப்பதற்கே சிற்பம் போல இருப்பார். காரணம், அவர் மல்யுத்தம் பழகியவர். வேட்டைக்குப் போவார். புல்லாங்குழல் வாசிப்பார். வங்காளியில் கதை எழுதுவார். இத்தனையும் ஒரே மனிதர்!

மனித உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பது மல்யுத்தம் தெரிந்தவருக்கு நன்றாகத் தெரியும். எந்தத் தசை இழுக்கும், எந்தத் தசை தாங்கும், கால் எங்கே ஊன்றினால் தோளுக்குப் பலம் வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. உழைப்பாளர் சிலையைப் பார்த்தால் அந்த அறிவு தெரியும். நாலு பேரில் ஒருவர் நிற்பது போல மற்றவர் நிற்கவில்லை. ஆனால் நாலு பேருடைய பலமும் ஒரே பாறையில்தான் போய்ச் சேருகிறது.

பசியைச் செதுக்கியவர்

ராய் சவுத்திரி பணக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் சிலை செய்து கொடுத்திருக்கிறார். ஆனால் அவருடைய மனம் போன இடம் வேறு.

"பசிக்கு இரையானவர்கள்" என்பது 1952-ம் ஆண்டில் அவர் செய்த ஒரு சிலையின் பெயர். பெயரே போதும், விளக்கம் வேண்டாம்.

பாட்னா நகரில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே இருக்கும் ஏழு மாணவர் சிலை அவர் செய்ததே. 1942-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், "வெள்ளையனே வெளியேறு" போராட்டத்தின் போது, செயலகத்தில் தேசியக் கொடியை ஏற்றப் போய்ச் சுடப்பட்டு இறந்த ஏழு பிள்ளைகளின் நினைவு அது. ஒருவர் விழ, மற்றவர் கொடியைத் தாங்கிக்கொண்டு போகும் காட்சி.

டெல்லியில், காந்தியடிகள் முன்னே நடக்கப் பத்துப் பேர் பின்னே வரும் தண்டி யாத்திரைச் சிலைத் தொகுதியும் அவருடைய கைவண்ணம். அது நிறுவப்பட்டது அவர் மறைவுக்குப் பிறகு.

பாட்னாவில் ஏழு பேர். டெல்லியில் பதினொரு பேர். சென்னையில் நாலு பேர். தனி ஆள் நிற்பதை விட, பலர் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்வதில்தான் அவருடைய கண் சென்றது.

மத்திய அரசு நிறுவிய லலித் கலா அகாடமிக்கு 1954-ம் ஆண்டில் முதல் தலைவர் ஆனவர் அவரே. 1958-ம் ஆண்டில் "பத்மபூஷண்" விருது பெற்றார். 1975-ம் ஆண்டு காலமானார்.

காவற்காரர் சிலை ஆனார்

சரி, அந்த நாலு பேர் யார்? சிற்பி வெறும் கற்பனையில் செய்தாரா?

இல்லை. எதிரே ஆளை நிறுத்தி வைத்துப் பார்த்துச் செய்தார் என்கிறார்கள். அப்படி நின்றவர்களில் ஒருவர், ஓவியப் பள்ளியில் இரவுக் காவல் பார்த்தவர். இன்னொருவர் அங்கே படித்த மாணவர். இது கலைஞர்கள் வட்டாரத்தில் வெகு நாளாகச் சொல்லப்படும் செய்தி.

எண்ணிப் பாருங்கள். ஊர் தூங்கும் நேரத்தில் விழித்திருந்து பள்ளியைக் காத்தவர். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். அவர் காத்த கட்டிடத்துக்குள் எத்தனையோ பெரிய மனிதர்களின் சிலைகள் உருவாகியிருக்கும். கடைசியில், அவரே ஒரு சிலையானார். அதுவும் சென்னை நகரமே வந்து பார்க்கும் சிலை!

சாமிக்கு உரிய உலோகம்

வெண்கலம் தமிழர்களுக்குப் புதிது அல்ல. செம்புடன் வெள்ளீயத்தைச் சேர்த்து உருக்கினால் வெண்கலம். சோழர் காலத்து நடராஜரும் அம்மனும் செம்பை முதன்மையாகக் கொண்ட வார்ப்புகளே. இன்றும் கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் அந்தத் தொழிலைச் செய்கிறார்கள்.

அவர்கள் முதலில் மெழுகில் உருவத்தைச் செய்வார்கள். அதன் மேல் காவேரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைப்பார்கள். பிறகு நெருப்பில் காட்டினால் உள்ளே இருக்கும் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். உள்ளே உருவத்தின் அளவுக்கு வெற்றிடம் இருக்கும். அதற்குள் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால் சாமி வெளியே வருவார்.

கடற்கரையில் நிற்பது போன்ற பெரிய சிலைக்கு வேலை இன்னும் அதிகம். முதலில் இரும்புக் கம்பியில் எலும்புக்கூடு போல ஒரு சட்டம் கட்ட வேண்டும். அதன் மேல் களிமண்ணை அப்பி உருவம் செய்ய வேண்டும். அந்த உருவத்தின் மேல் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் பூசி அச்சு எடுக்க வேண்டும். அச்சைத் துண்டு துண்டாக எடுத்து, கை வேறு, கால் வேறு, தலை வேறு என்று தனித்தனியாக வார்க்க வேண்டும். உலோகக் குழம்பின் வெப்பம் ஏறக்குறைய ஆயிரம் டிகிரி. கொதிக்கும் நீரைப் போலப் பத்து மடங்கு!

துண்டுகளைப் பிறகு ஒன்று சேர்த்து, இணைப்புத் தெரியாமல் ராவித் தேய்க்க வேண்டும். இப்படிச் செய்யும் பெரிய சிலைக்கு உள்ளே வெற்றிடமாக இருக்கும். முழுக்க உலோகமாக வார்த்தால் எடை தாங்காது. ஆறும் போது வெடிப்பும் விழும்.

சுருக்கமாகச் சொன்னால், உழைப்பாளியின் சிலையைச் செய்யவும் பல உழைப்பாளிகள் வேண்டும். களிமண் பிசைகிறவர், உலை ஊதுகிறவர், குழம்பு ஊற்றுகிறவர், தேய்க்கிறவர். அவர்களுடைய பெயரும் நமக்குத் தெரியாது.

கோவிலில் சாமிக்கு உரிய உலோகம், அரசாங்கத்தில் கவர்னருக்கு உரிய உலோகம், கடைசியில் பாறை புரட்டுகிறவனுக்கும் கிடைத்தது. அதுதான் இந்தச் சிலையின் சிறப்பு.

அந்த மணலில் நடந்தது

சிலை நிற்கும் கடற்கரைக்கும் தொழிலாளிகளுக்கும் பழைய உறவு உண்டு.

இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று போற்றப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ம் ஆண்டு தொடங்கியது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளிகளுக்காக எழுந்த சங்கம் அது. வாடியா தலைவராக இருந்தார். திரு.வி.க. அதில் முன் நின்று உழைத்தார். அந்த ஆலை 1996-ம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அங்கே பிறந்த சங்க உணர்ச்சி நாடு முழுவதும் பரவியது.

அமெரிக்காவில் சிகாகோ நகரத் தொழிலாளிகள் 1886-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி, "நாளுக்கு எட்டு மணி நேர வேலை" என்று கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். அந்த நினைவில் வந்ததே மே தினம். இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடியவர் சென்னையைச் சேர்ந்த சிங்காரவேலர். மீனவக் குடும்பத்தில் பிறந்து வக்கீல் ஆனவர். 1923-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி அவர் இரண்டு இடங்களில் கூட்டம் நடத்த ஏற்பாடு செய்தார். ஒன்று, ஐகோர்ட்டுக்கு எதிரே உள்ள கடற்கரையில். மற்றொன்று, திருவல்லிக்கேணி கடற்கரையில்.

அதே திருவல்லிக்கேணி கடற்கரைப் பக்கம்தான், 36 ஆண்டுகளுக்குப் பிறகு, உழைப்பாளர் சிலை வந்தது.

வெற்றி எங்கே?

சிற்பி இந்தச் சிலைக்கு வைத்த பெயர் "உழைப்பின் வெற்றி". இதே சிலையின் மற்றொரு வார்ப்பு, டெல்லியில் தேசிய நவீன ஓவியக் காட்சிக்கூடத்தின் முன்னால் இருக்கிறது.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. பாறைதான் இன்னும் புரளவில்லையே! பிறகு வெற்றி எங்கே?

நாலு பேரையும் திரும்பப் பாருங்கள். ஒருவர் கையை எடுத்தாலும் மற்ற மூவர் மேல் பாறை சாயும். ஒருவர் கூட எடுக்கவில்லை. வெயிலிலும் மழையிலும், உப்புக் காற்றிலும், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் கையை எடுக்கவில்லை. வெற்றி என்று சிற்பி சொன்னது அதைத்தான் போலும்.

அவர்களைச் சுற்றி நகரம் மாறிவிட்டது. டிராம் ஓடிய ஊரில் இன்று பூமிக்கு அடியில் மெட்ரோ ரெயில் ஓடுகிறது. அந்தச் சுரங்கத்தில் மண் அள்ளியவர் யார், பாறை உடைத்தவர் யார் என்று கேட்டால் பதில் வராது.

இன்று நேற்றல்ல, என்றும் அப்படித்தான். 1913-ம் ஆண்டில் திறந்த மாநகராட்சிக் கட்டிடத்துக்கு ரிப்பன் பிரபுவின் பெயர். கூவத்தின் மேல் கட்டிய பாலத்துக்கு நேப்பியர் பிரபுவின் பெயர். வரைபடம் போட்டவர்களின் பெயரும், காண்டிராக்டு எடுத்தவர்களின் பெயரும் புத்தகத்தில் உண்டு. கல் சுமந்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

அந்தக் குறையை முழுதும் தீர்க்க ஒரு சிலையால் முடியாது. ஆனால், பெயர் எழுதப்படாதவர்களுக்கும் இந்த நகரத்தில் ஓர் இடம் உண்டு என்பதை அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. சுண்டல் விற்கிற பையனும், மீன் கூடையை இறக்கி வைத்து இளைப்பாறுகிற அம்மாளும், கட்டிட வேலை முடிந்து காற்று வாங்க வருகிற கொத்தனாரும் நிமிர்ந்து பார்த்து, "இது நம்ம ஆளு" என்று சொல்லக்கூடிய சிலை அது.

அடுத்த முறை குழந்தைகளோடு கடற்கரைக்குப் போகும் போது, அந்தச் சிலைக்கு முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். "இவங்க பேரு என்ன?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்டால், உங்கள் குடும்பத்தில் ஏர் பிடித்தவர், தறி நெய்தவர், மூட்டை சுமந்தவர், கல் உடைத்தவர் யாரோ ஒருவர் இருந்திருப்பார். பாட்டனாரோ, பாட்டியாரோ.

அவர் பெயரைச் சொல்லுங்கள்.